சின்ன பைக்கிலிருந்து பெரிய பைக்குக்கு: கையைக் கடிக்காமல் மாற 40 குறிப்புகள்

ஓடப் பழகிய 100 சீசீ பைக் நன்றாகத்தான் ஓடும். ஆனால் பின்னால் ஓர் ஆள், நடுவில் ஒரு பை, முன்னால் பாமன்கடைப் பாலம் என்று வந்தால் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அன்றைக்கே "பெரியது ஒன்று எடுப்போமா?" என்ற பேச்சு வீட்டில் வந்துவிடும். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு கடைகளில் புதியவையும் வந்துவிட்டன, பாவித்தவையும் கைமாறுகின்றன. ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளுக்குக் காசும் நேரமும் மிச்சமாகும் குறிப்புகள் இதோ.

எடுக்க முன்

1. முதலில் ஒரு மாதத்துக்கு எங்கெங்கே ஓடுகிறீர்கள் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். வேலைக்குப் போய் வருவதும், வெள்ளவத்தைச் சந்தையும், பிள்ளையின் டியூஷனும்தான் நிறைய என்றால் 150 சீசீ தாராளம். பின்னேர நெரிசலில் ஹெவ்லொக் வீதியில் 200 சீசீயும் 100 சீசீயும் ஒரே வேகத்தில்தான் ஊரும்.

2. பெற்றோல் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால், லீற்றருக்கு 60 கொடுக்கும் சின்ன பைக்குக்கு 10 லீற்றர், 40 கொடுக்கும் 150 சீசீக்கு 15 லீற்றர், 33 கொடுக்கும் 200 சீசீக்கு 18 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 3,000, 4,500, 5,400 ரூபா.

3. பெற்றோல் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். 2022இல் கியூ.ஆர். முறை தொடங்கியபோது எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. அதே 4 லீற்றரில் சின்ன பைக்காரர் வாரம் முழுக்க ஓடினார், பெரிய பைக்காரர் பஸ்ஸுக்கு நின்றார்.

4. சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சீசீ வரைக்கும்தான், அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஏ1 மட்டும் இருந்தால் காசு கட்டுவதற்கு முன்பே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்தில் ஏ வகுப்பு எடுக்கும் வேலையைத் தொடங்குங்கள், பைக் வந்து தரிப்பிடத்தில் சும்மா நிற்காது.

5. வீட்டில் அடுத்து ஓடப் பழகப் போகும் பிள்ளை இருந்தால் நேரடியாக ஏ வகுப்புக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நுகேகொடை மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ட்ரயல் என்ற அலைச்சல் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

6. "ஹைவேயில் பறக்கலாம்" என்று நினைத்துப் பெரிய பைக் எடுக்காதீர்கள். தெற்கு அதிவேகப் பாதையிலும் கட்டுநாயக்க அதிவேகப் பாதையிலும் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. காலி வீதியிலும் ஹை லெவல் வீதியிலும் ஓடத் தேவையான வலு 150 சீசீயிலேயே இருக்கிறது.

7. வருடத்தில் ஓரிரு தடவை யாழ்ப்பாணம் போவதற்காக 200 சீசீ எடுக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம், ஒரு வழிக்கே 12 லீற்றர் பெற்றோல் குடிக்கும், முதுகும் நோகும். வெள்ளவத்தையிலிருந்தே இரவு பஸ் போகிறது, ஏறிப் படுத்தால் விடிய ஊரில் இறங்கலாம்.

8. மாடலை முடிவு செய்ய முன் ஒரு நாள் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஐந்து சாமான்களின் விலை கேளுங்கள்: செயின் செட், கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பின் டயர், ஹெட்லைட். ஐந்தில் மூன்றுக்கு "ஓடர் போட வேணும்" என்ற பதில் வந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

9. தொடர்மாடியில் இருப்பவர்கள் தரிப்பிடத்தை அளவு நாடாவால் அளந்து பாருங்கள், ஹேண்டில் திருப்பவும் இடம் வேண்டும். சி.டி. 100 போன்ற சின்ன பைக் 110 கிலோ அளவில் இருக்கும், பல்சர் 150 அதைவிட 30 கிலோவுக்கு மேல் கூட. ஒடுக்கமான ஒழுங்கையில் பின்னுக்குத் தள்ளி எடுக்கும்போதுதான் அந்த 30 கிலோ தெரியும்.

10. பின்னால் இருந்து வரப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பைக் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் மாடல்களில் பின் சீட் உயரம், அகலம் குறைவு, சேலையோடு ஒரு பக்கமாக இருக்க முடியாது. சேலைக் காப்பும் கைப்பிடியும் பூட்ட வசதி இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

11. சீட்டில் இருந்து இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் நன்றாக ஊன்றுகிறதா என்று பாருங்கள். கடையில் போட்டுப் போகும் சப்பாத்து அல்ல, தினமும் போடும் செருப்போடு பார்ப்பதுதான் சரி. சந்திக்குச் சந்தி காலூன்ற வேண்டிய ஊர் இது.

12. காப்புறுதித் தொகையை இரண்டு மூன்று இடத்தில் போனிலேயே கேட்டு வையுங்கள். பழைய பைக்கில் இழப்பீடு கேட்காமல் ஓடிய வருடங்கள் இருந்தால், அந்தக் கழிவைப் புதிய பைக்குக்கு மாற்றித் தருவார்களா என்று விசாரியுங்கள். கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

13. லீசிங்கில் எடுப்பதென்றால் மாதத் தவணையை மட்டும் கேட்டு வராதீர்கள். தவணையை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தையும் ஆவணச் செலவையும் கூட்டி, ரொக்க விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசத்தைப் பார்த்த பிறகு இன்னும் ஆறு மாதம் சீட்டுக் கட்டிச் சேர்க்கலாம் என்று தோன்றினாலும் தோன்றும்.

பாவித்த பைக் பார்க்கப் போகும்போது

14. இலக்கத் தகட்டைப் பார்த்து வயதைக் கணிக்காமல், சி.ஆர். என்ற பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி வருடத்தையும் முதல் பதிவுத் திகதியையும் பாருங்கள். ஐந்து வருடம் இறக்குமதி நின்றதால் "புதுசு மாதிரி" என்று சொல்லும் பல பைக்குகள் 2020க்கு முந்தியவை. கண்ணாடி போல் மினுங்கினாலும் ரப்பர் சாமான்களுக்கு வயது வயதுதான்.

15. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ இருந்தாலும் வெடிப்பு விட்ட பழைய டயர் மழையில் பிடிக்காது, இரண்டு டயரின் விலையையும் பேரத்தில் குறைத்துக் கேளுங்கள்.

16. "வாறதுக்கு முதல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் தட்டலில் எழும்பினால் பாதிப் பயம் போய்விடும்.

17. ஸ்டார்ட் பண்ணிப் புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது, கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதலாக எரிகிறது. கறுப்பைக் குறைந்த செலவில் திருத்தலாம், நீலத்துக்கு எஞ்சின் கழற்ற வேண்டி வரலாம்.

18. விழுந்த பைக்கைக் கண்டுபிடிக்க டேங்கைப் பார்க்காதீர்கள், அதற்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஹேண்டில் நுனி, கிளட்ச் லீவரின் நுனி, கால்மிதி, சைலன்சரின் அடிப்பக்கம் ஆகிய நான்கையும் தடவிப் பாருங்கள். நேர் வீதியில் மெல்ல ஓடும்போது ஒரு பக்கம் இழுத்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

19. 2016 மே வெள்ளத்திலும் 2025 நவம்பர் வெள்ளத்திலும் களனி ஆற்றங்கரைப் பக்கம் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. சீட்டைக் கழற்றி, வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணமும் மூலைகளில் சேற்றுத் தூளும் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் குடித்த வயரிங் மாதம் ஒரு செலவு வைக்கும்.

20. மெரைன் டிரைவ் பக்கம் வெளியில் நின்ற பைக் என்றால் உப்புக்காற்று முதலில் தின்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தைத்தான். பின் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டின் உட்பக்கம், சைலன்சர் பொருத்து, ஸ்டாண்டின் அடி மூன்றையும் குனிந்து பாருங்கள்.

21. கிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். என்.எஸ். 200 போன்றவற்றில் பட்டன் ஸ்டார்ட் மட்டும்தான், பற்றரி இறங்கினால் தள்ள வேண்டும். அப்படியான மாடல் என்றால் பற்றரியின் வயதைக் கேட்டு, புதுப் பற்றரி விலையையும் கணக்கில் சேருங்கள்.

பத்திர வேலை

22. சி.ஆர். புத்தகத்தில் முற்றான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். "அடுத்த கிழமை கிளியர் பண்ணித் தாறன்" என்ற பேச்சைக் காசாக எண்ண முடியாது.

23. எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பழைய துணியால் துடைத்து, சி.ஆரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இரண்டையும் போனில் படமெடுத்து வைத்தால் காப்புறுதிக்கும் உரிமை மாற்றத்துக்கும் திரும்பக் குனிய வேண்டியதில்லை.

24. பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் வாங்கி வருடக்கணக்காக ஓடுவது இரண்டு பக்கத்துக்கும் தலையிடி. எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை விற்பவரோடு இருந்தே நிரப்பிக் கையெழுத்து வாங்கி, சுணங்காமல் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிவிடுங்கள். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

25. காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் முடியும் திகதிகளைக் குசினிக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். முதலிரண்டும் சரியாக இருந்தால் அனுமதிப்பத்திரத்தை ஒன்லைனிலேயே எடுக்கலாம், பிரதேச செயலக வரிசை மிச்சம்.

ஓடத் தொடங்கியதும்

26. சின்ன பைக்குகள் பலவற்றில் எல்லாக் கியரும் ஒரே பக்கம் விழும். 150, 200 சீசீகளில் முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. கால் பழைய பழக்கத்தில் மிதித்துவிடும், ஆகவே எஞ்சினைப் போடாமல் நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சில்லைச் சுற்றிச் சுற்றிப் பழகிக்கொண்டு வீதிக்கு இறங்குங்கள்.

27. டிரம் பிரேக்கை இறுக்கிப் பிடித்துப் பழகிய கைக்கு முன் டிஸ்க் பிரேக் சட்டென்று கடிக்கும். இரண்டு விரலால் மெல்ல அழுத்தி, பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். மணலும் ஈரமும் உள்ள இடத்தில் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதிருப்பது நல்லது.

28. முதல் பயிற்சிக்கு ஞாயிறு விடியற்காலைதான் நல்ல நேரம். ஹெவ்லொக் பார்க்கைச் சுற்றி வீதிகள் வெறிச்சென்று இருக்கும், வளைவு, நிறுத்தல், யூ டர்ன் மூன்றையும் ஆள் ஏற்றாமல் பழகலாம். ஆளை ஏற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

29. பாரமான பைக்கின் சைட் ஸ்டாண்ட் மழை ஊறிய மண்ணில் புதைந்து பைக்கைச் சரித்துவிடும். தட்டையாக்கிய டின் மூடி ஒன்றையோ சின்னப் பலகைத் துண்டையோ சீட்டுக்கடியில் வைத்திருங்கள். கோயில் திருவிழாக்களில் புல்தரையில் நிறுத்தும்போது கைகொடுக்கும்.

30. மனுவலில் கேட்காவிட்டால் ஒக்டேன் 95 அடிக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து வரும் 150 சீசீ பைக்குகளுக்கு இங்குள்ள 92 போதும். அந்த வித்தியாசத்தைச் சேர்த்தால் வருடக் கடைசியில் ஒரு சேர்விஸ் செலவு வரும்.

31. எஞ்சின் ஒயில் போத்தலில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்க வேண்டும். வீட்டில் காருக்கு வாங்கி மிஞ்சிய ஒயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். பழைய ஒயிலை ஒருபோதும் கானுக்குள் ஊற்றாமல் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

32. டயர் காற்றை இரண்டு கிழமைக்கு ஒருதரம் காலையில், டயர் சூடேற முன் பாருங்கள். பின்னால் ஆள் ஏறும் நாளில் பின் டயருக்கு மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூட வேண்டும், சரியான அளவு மனுவலில் இருக்கும். காற்றுக் குறைந்தால் பெற்றோலும் வீண், டயரும் வீண்.

33. செயின் கழுவ விலை கூடிய கிளீனர் வேண்டாம். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும், துடைத்துக் காயவிட்டு 90 கியர் ஒயிலைத் துளித்துளியாக உட்பக்கம் விடுங்கள். எஞ்சின் ஓடும்போது செயினில் கை வைக்கவே கூடாது, விரல் போய்விடும்.

34. கடற்கரைப் பக்கம் ஓடிவந்த நாளில் ஒரு வாளி நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி விடுங்கள். உடுப்புத் தோய்க்கும் பவுடர் பெயின்டின் மினுக்கத்தைக் கெடுக்கும், தலைக்குப் போடும் ஷாம்பூ ஒரு பைக்கற் போதும். சூடான சைலன்சரில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

35. பைக் பெரிதானால் ஹெல்மெட்டும் நல்லதாக வேண்டும், எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்குங்கள். உள் பஞ்சு மணத்தால் குழந்தை ஷாம்பூவில் கழுவி நிழலில் காயவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்கு ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவிட்டால் கீறாமல் போய்விடும்.

36. சத்தம் போடும் சைலன்சர், கண்ணைக் கூசும் லைட் எல்லாம் வீண் செலவு. பொலிஸ் தண்டப் பணம் ஒரு பக்கம், தொடர்மாடியில் பிள்ளை தூங்கும் வீட்டாரின் கோபம் மறுபக்கம். கம்பனி சைலன்சரோடு இருக்கும் பைக்குக்கு விற்கும்போது விலையும் கூட.

37. புகைப் பரிசோதனைக்குப் போகும் நாளைச் சேர்விஸ் செய்த கிழமையோடு சேர்த்து வையுங்கள். காற்று வடிகட்டியும் பிளக்கும் சுத்தமாக, எஞ்சின் கொஞ்சம் ஓடிச் சூடாக இருந்தால் ஒரே தடவையில் பாஸ் ஆகும்.

38. ஊருக்குப் போய் நாள் கணக்கில் நிற்பதென்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், உள்ளே துரு பிடிக்காது. பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். காற்றுப் போகாத பொலித்தீன் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், பழைய பெட்ஷீற் அதைவிட நல்லது.

பழைய பைக்கை என்ன செய்வது

39. சின்னதையும் வைத்திருக்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இரண்டு காப்புறுதி, இரண்டு புகைப் பரிசோதனை, இரண்டு அனுமதிப்பத்திரம் என்று கூட்டிப் பாருங்கள். வீட்டில் இன்னொருவர் தினமும் ஓடுவதாக இருந்தால் மட்டும் வைத்திருங்கள்.

40. விற்பதென்றால் கடைக்கு மாற்றாகக் கொடுக்க முன் இக்மன், ரியசெவன தளங்களில் அதே வருடத்துப் பைக்கின் விலையைப் பார்த்து வையுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், விழுந்த பைக் என்று நினைப்பார்கள். நன்றாகக் கழுவி, எரியாத பல்புகளை மாற்றி, சேர்விஸ் பில்களை ஒரு கோப்பில் போட்டுக் காட்டினால் கேட்ட விலை படியும்.

மொத்தத்தில் கொழும்புக்குள் ஓடும் குடும்பத்துக்கு 100இலிருந்து 150 சீசீக்கு மாறுவது தேவைக்கு, அதற்கு மேல் போவது ஆசைக்கு. ஆசைக்கு எடுப்பதிலும் தப்பில்லை, மாதச் செலவை எழுதிப் பார்த்து வீட்டில் எல்லோரும் தலையாட்டிய பிறகு எடுங்கள். எதை எடுத்தாலும் பின்னால் இருப்பவருக்கும் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கும் காசை முதலில் ஒதுக்கி வையுங்கள்.